கத்தாத ஆளைத் தேடியவர்

செய்தி வந்தபோது நான் ஏணியின் உச்சியில் இருந்தேன். கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு காதுகுத்து வீட்டில் பந்தல் வேலை. கயிற்றை வாயில் கடித்துக்கொண்டு, ஒரு கையால் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனை எடுத்தேன். எங்கள் கோவிந்தாபுரம் டீக்கடை காதர் பாய்.

“ஏனுங்க சண்முகம், எங்க நிக்கறீங்க?”

“ஏணி மேலங்க.”

“மொதல்ல எறங்குங்க. எறங்கி, ஒரு சேரைப் போட்டு உக்காந்துட்டு நீங்களே கூப்புடுங்க.” வைத்துவிட்டார்.

யார் போய்விட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கெட்ட செய்தியை நின்றுகொண்டிருப்பவனிடம் சொல்லக்கூடாது, உட்கார வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று எங்கள் ஊரைப் பழக்கியவர் ஒரே ஒருவர்தான். அவர் போன செய்தியையும் அவர் பழக்கியபடியே சொல்ல வேண்டும் என்று காதர் பாய்க்குத் தோன்றியிருக்கிறது. இறங்கினேன். உட்கார்ந்தேன். கூப்பிட்டேன். “கப்பல் அண்ணன் காலைல போயிட்டாருங்க” என்றார். உட்கார்ந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

வாசகசாலையில் அண்ணனுக்காக நடக்கும் கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் பத்தாவது படித்தவன், அதையும் இரண்டு தடவை படித்தவன். மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்கு வருவது “ஹலோ, மைக் டெஸ்ட்” மட்டும்தான். பந்தல்காரன் பிழைப்பு அப்படி. அதனால் எழுதித் தருகிறேன். அவரோடு பழகிய நீங்கள் எல்லோரும் இதில் ஏதாவது ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். நான் தப்பாகச் சொல்லியிருந்தால் டீக்கடையில் திருத்துங்கள்.

வேலுச்சாமி என்று சொன்னால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கப்பல் அண்ணன் என்றால்தான் தெரியும். அவருடைய குடும்பம் நெல்லும் தென்னையும் வைத்த குடும்பம். அவர் அதுவரை பார்த்த பெரிய தண்ணீர் மீங்கரை அணைதான். அப்பாவோடு ஏதோ சண்டை, கோபத்தில் கொச்சிக்குப் போய் நேவியில் சேர்ந்துவிட்டார். “கோவம் ரெண்டே நாள்ல தீந்துபோச்சு, ஆனா நேவிக்காரங்க உடலியே” என்பார். கப்பலில் அவருக்கு வைத்திய உதவியாளர் வேலை. கப்பலுக்குள் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி அறைக்கு சிக்பே என்று பெயராம். அங்கே டாக்டருக்குக் கீழே மருந்து எடுத்துக் கொடுப்பது, கட்டுப் போடுவது, ஊசி போடுவது. எழுபத்தொன்றாம் வருடத்து யுத்தத்தில் அவர் அந்த வேலையில்தான் இருந்தார்.

டீக்கடைக்குப் புதிதாக வருகிற யாராவது ஒருவர் ஆசையாகக் கேட்பார்: “யுத்தத்துல எத்தனை பேரைச் சுட்டீங்க?”

அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே சொல்வார்: “ஒருத்தரையும் சுடலீங்க. சுட்டவங்க போட்ட ஓட்டையைத்தான் அடைச்சேன்.”

கப்பலில் அடி விழுந்தால் இரண்டு கூட்டம் ஓடுமாம். ஒரு கூட்டம் கையில் மர ஆப்பும் பலகையும் சுத்தியலுமாகக் கப்பலில் விழுந்த ஓட்டையை அடைக்க ஓடும். இன்னொரு கூட்டம் மனிதர்கள் மேல் விழுந்த ஓட்டையை அடைக்க ஓடும். “இந்த ரெண்டு கூட்டத்துக்கும் எதுக்குச் சண்டை வரும் தெரியுமா? பெட்ஷீட்டுக்கு. அதைச் சுருட்டி ஓட்டைக்குள்ள திணிக்கணும்பாங்க அவங்க. கிழிச்சுக் கட்டுப் போடணும்போம் நாங்க. எதிரியோட சண்டை அப்பறம், பெட்ஷீட்டுச் சண்டைதான் மொதல்ல.” இதைச் சொல்லும்போது அவர் ஒரு துண்டை எடுத்து, ஒரு முனையைத் தானே இழுத்து, இன்னொரு முனையைக் காதர் பாயிடம் கொடுத்து இழுக்கச் சொல்வார். அப்படி இழுத்ததில் பாய் கடையில் இரண்டு துண்டு கிழிந்திருக்கிறது.

அவரிடம் பட்ட முதல் அவஸ்தை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் மகன் கல்யாணத்துக்குப் பந்தல் போடப் போயிருந்தேன். என் ஆட்கள் ஏணியில் கால் வைக்கப் போனார்கள். அண்ணன் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

“குளிச்சீங்களா?”

என் ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். வேலை முடித்துவிட்டுத்தானே எல்லோரும் குளிப்பார்கள். “சாயந்திரம் குளிப்பாங்கண்ணா” என்றேன்.

“சாயந்திரம் குளிக்கறது ஊட்டுக்காரிக்கோசரம். காலைல குளிக்கறது உசுருக்கோசரம். போயிக் குளிச்சுட்டுத் தொவச்ச துணி போட்டுட்டு வாங்க, அப்பறம் ஏறலாம்.”

கிணற்றடியில் வரிசையாக நிறுத்தி எல்லோரையும் குளிக்க வைத்தார், என்னையும் சேர்த்து. மாற்றுத் துணி இல்லாதவனுக்குத் தன் வேட்டியைக் கொடுத்தார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அப்புறம்தான் காரணம் சொன்னார். யுத்தம் நடக்கிற கடலுக்குள் நுழைவதற்கு முன்னால் கப்பலில் எல்லோரையும் குளிக்கச் சொன்னார்களாம். அதுவரை அளந்து அளந்து விட்ட தண்ணீரைத் தாராளமாக விட்டார்கள். தலையில் இருந்து கால் வரை துவைத்த துணி போட்டுக்கொள்ள உத்தரவு. பயல்கள் எல்லாம் ஏதோ விருந்து என்று பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தார்கள். டாக்டர்தான் இவரிடம் விஷயத்தைச் சொன்னார்: இரும்புத் துண்டு உடம்பைத் துளைக்கும்போது போட்டிருக்கிற துணியையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அழுக்குத் துணி என்றால் காயம் அழுகும். “இரும்பு கொல்லாத ஆளை அழுக்குத் துணி கொன்னுரும், சண்முகம்.”

அன்றிலிருந்து என் ஆட்கள் குளிக்காமல் ஏணி ஏறியதில்லை. பாலக்காடு ஜில்லாவிலேயே சுத்தமான பந்தல் கோஷ்டி நாங்கள்தான். கல்யாண வீடுகளில் என் ஆட்களை மாப்பிள்ளையின் நண்பர்கள் என்று நினைத்து முதல் பந்தியில் உட்கார வைத்ததும் உண்டு.

இனி கப்பலில் அடி விழுந்த கதை. அதை அவர் அடிக்கடி சொல்ல மாட்டார். மழை பெய்து கடையில் ஆள் இல்லாத நாளில் சொல்வார்.

கப்பலுக்குப் பக்கத்தில் குண்டு ஒன்று விழுந்து வெடித்து, அதன் சில்லுகள் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி மேல்தளத்தைக் கிழித்துக்கொண்டு போயின. விளக்கு போய்விட்டது. சிக்பே முழுக்கப் புகை. டாக்டர் சட்டென்று முடிவெடுத்து, அடிபட்டவர்களைச் சாப்பாட்டு அறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே மேசைகளைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருப்பார்கள். கப்பல் எப்படி ஆடினாலும் மேசை நகராது. தட்டுகளைத் தள்ளிவிட்டு அந்த மேசைகள் மேலேயே டாக்டர் ஆபரேசன் செய்தார். டார்ச் பிடித்ததும் கத்தரி கொடுத்ததும் அண்ணன்.

வாசலில் ஒரு சமையல்காரன் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தான். அண்ணன் அவனிடம் ஓடினார். வழியில் சுவரோடு சாய்ந்து ஒரு பஞ்சாப்காரர் உட்கார்ந்திருந்தார், கொடியாலும் விளக்காலும் சேதி அனுப்புகிற வேலை அவருக்கு. அண்ணனைப் பார்த்துச் சிரித்து, எனக்கு ஒன்றுமில்லை, அவனைப் பார் என்று கையைக் காட்டினார். இவரும் தாண்டிப் போனார். பின்னாலிருந்து டாக்டர் ஒரு அதட்டல் போட்டார். அதைத்தான் அண்ணன் கடைசி வரைக்கும் தமிழில் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்:

“கத்தறவனுக்கு மூச்சு இருக்குது, அவன் இருப்பான். கத்தாத ஆளைப் பாரு.”

திரும்பிப் பஞ்சாப்காரரின் காலைத் தூக்கினால், உட்கார்ந்திருந்த இடம் முழுக்க ரத்தம். தொடையில் சில்லு. அண்ணன் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார். டாக்டர் வந்து தைக்கிற வரை எடுக்கவில்லை. அந்த மனிதர் பிழைத்தார். சமையல்காரனும் பிழைத்தான், அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு.

இந்தப் பஞ்சாப்காரரின் குரலை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள், ஆளைப் பார்த்ததுதான் இல்லை. வருடம் தவறாமல், கப்பலில் அடி விழுந்த நாளில் அண்ணனுக்குப் போன் வரும். ஸ்பீக்கரில் போட்டுக் கடை மேசை மேல் வைப்பார். அண்ணனின் இந்தியைக் கேட்டால் இந்திக்காரர்கள் அழுதுவிடுவார்கள். ஆனால் அந்த மனிதருக்கு மட்டும் புரியும். அன்றைக்கு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த ஆள், அதற்குப் பிறகு வருடம் ஒரு தடவை எங்கள் டீக்கடையே அதிருகிற மாதிரிக் கத்தினார்.

அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

பத்துப் பதினோரு வருடம் இருக்கும். என் மகள் நந்தினிக்குத் தை மாதத்தில் கல்யாணம். ஊருக்கெல்லாம் பந்தல் போடுகிறவன் மகளுக்கு மண்டபம் பிடிப்பதா என்று எனக்கு வீம்பு. வீட்டு வாசலிலேயே இந்தப் பக்கம் யாரும் பார்க்காத அளவுக்குப் பந்தல் போட்டேன். பந்திக்குப் பக்கத்து மாங்காய்க் கிடங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மாங்காய் சீசன் இல்லாததால் காலியாக இருந்தது. நல்ல சுவர், நீள நீளமாக மேசை.

நம் பக்கத்துத் தை மாதக் காற்று உங்களுக்குத் தெரியும். கோயமுத்தூர்ப் பக்கமிருந்து கணவாய் வழியாக வந்தால் உரலையே உருட்டப் பார்க்கும். அந்த மாதத்தில் நான் யார் வீட்டுப் பந்தலுக்கும் கிழக்கே படுதாவைக் கட்டி அடைத்துவிட்டு, வடக்கே வாசல் வைப்பேன். அதை மறந்து போகவில்லை. ஆனால் சாலை எங்கள் வீட்டுக்குக் கிழக்கே. அலங்கார வளைவை வடக்கே வைத்தால் பஸ்ஸில் போகிறவன் எப்படிப் பார்ப்பான்? கிழக்கு வாசல் மங்களம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

முதல் நாள் அண்ணன் வந்து பார்த்தார்.

“ஏஞ்சண்முகம், கிழக்கால தொறந்து வெச்சிருக்கறே?”

“கல்யாணப் பந்தலுக்கு அதுதானுங்கண்ணா அழகு.”

“ஊர்க்காரங்களுக்கெல்லாம் தை மாசம் வடக்க வெப்பே. உம்பட ஊட்டுக்கு மட்டும் காத்து லீவு உட்டிருக்குதா?”

“இது எம் பொண்ணு கல்யாணமுங்கண்ணா.”

அண்ணாந்து துணிக்கூரையைப் பார்த்தார். “இது பந்தலில்லப்பா, கப்பல் பாய். காத்து புடிச்சுதுன்னா உன் ஊட்டையும் இழுத்துட்டுக் கொச்சிக்குப் போயிரும்.”

“கப்பலை நீங்க பாத்துக்குங்க, பந்தலை நான் பாத்துக்கறேன்” என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. போகும்போது, “நாளைக்குக் குளிச்சுட்டுத் தொவச்ச வேட்டி கட்டிக்க” என்று மட்டும் சொன்னார். கல்யாணத்தன்றைக்கு இதையெல்லாம் ஒருவர் சொல்லவா வேண்டும் என்று சிரித்தேன்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் காற்று வந்தது. கூரை முதலில் குழந்தை வயிறு மாதிரி உப்பியது. அப்புறம் மொத்தமாக எழும்பியது. முளைக்குச்சிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன. ஒரு நிமிஷம் என் பந்தல் ஆகாயத்தில் நின்றது. அத்தனை உயரத்தில் எந்தப் பந்தல்காரனும் பந்தல் போட்டதில்லை. பிறகு மூங்கிலும் துணியும் வளைவும் வாழைமரமுமாக வாசல்கேட்டின் மேல் விழுந்தது. பக்கத்தில் அடித்திருந்த தகரங்கள் கூட்டத்துக்குள் பறந்தன.

ஒரு மூங்கில் என் நெற்றியைச் சிராய்த்துவிட்டுப் போனது. புருவத்தில் ஒரு சொட்டு ரத்தம் இறங்கியதும் நான் போட்ட கூச்சலை வீடியோக்காரர் ஒன்று விடாமல் பிடித்து வைத்திருக்கிறார். “ஐயோ நான் செத்தேன், என்னையப் புடிங்க” என்று கத்திக்கொண்டே நான் ஓடுகிற இடத்தைப் பேரப்பிள்ளைகள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறார்கள்.

அண்ணன் ஒரு நாற்காலி மேல் ஏறினார். அவருக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. “நடக்க முடியறவங்க எல்லாரும் மாங்காய்க் கிடங்குக்கு நடங்க. முடியாதவங்க அங்கியே இருங்க, நாங்க வர்றோம்.” பாதிக் கூட்டம் நடந்தது. நடக்க முடிகிறது என்று தெரிந்ததுமே பாதிப் பேருக்கு வலி குறைந்துவிட்டது. நான் மட்டும் நேராக அவரிடம் போய் நெற்றியைக் காட்டினேன். என் துண்டை எடுத்து நெற்றியில் வைத்து, என் கையையே அதன்மேல் வைத்து அமுக்கினார்.

“நீ நல்லா இருக்கறே. உன் சத்தம் கொல்லங்கோட்டுல கேக்குது.” கண்கள் கூட்டத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தன. “சரோஜா எங்க?”

சரோஜா என் மனைவி. “அங்க மணவறைக்கிட்ட உக்காந்திருக்கறாளுங்க” என்றேன்.

“நீ இத்தனை சத்தம் போடறே, அவ ஒரு வார்த்தை திட்டலியே?”

எனக்கு அது உறைக்கவே இல்லை. எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து நான் தும்மினால்கூட, “அக்கட்டப் போயித் தும்முனா என்ன” என்று ஒரு வார்த்தை வரும். பந்தலே பறந்து, நான் ஊரைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அரக்குப் பட்டு. வலது கை முந்தானைக்குள் போய் இடது தோளுக்குக் கீழே பிடித்துக்கொண்டிருந்தது.

அண்ணன் அவள் முன்னால் மண்டி போட்டார். “அம்மிணி, கையைக் காட்டு.”

“ஒண்ணுமில்லீங்கண்ணா. தாலி ஏறட்டும்.”

“காட்டு கண்ணு.”

“நல்ல நேரத்துல ரத்தத்தைக் காட்டக் கூடாதுங்கண்ணா.”

அவர் முந்தானையை விலக்கினார். தகரம் கையின் உள்பக்கம் ஆழமாகக் கிழித்திருந்தது. அரக்குச் சேலையில் ரத்தம் தெரியவில்லை, அவ்வளவுதான்; இடுப்பு வரை நனைந்திருந்தது. அவ்வளவு காற்றிலும் அவள் நெற்றி வியர்த்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. நான் கத்துவதை நிறுத்தினேன்.

தூக்கிக்கொண்டு போய்க் கிடங்கில் பந்தி மேசை மேல் படுக்க வைத்தார்கள். முதல் பந்திக்கு இலை போட்டு உப்பும் ஊறுகாயும் வைத்திருந்தது. அண்ணன் ஒரே வீச்சில் எல்லாவற்றையும் தள்ளினார். சீர்த்தட்டில் சம்பந்தி வீட்டார் எனக்கு வைத்திருந்த பட்டுக்கரை வேட்டி, மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை அப்படியே மடித்துக் காயத்தில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கினார். கையை மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லி நந்தினியின் மாமியாரிடம் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு வண்டி வேண்டும். வண்டி வரவேண்டிய கேட்டின் மேல்தான் என் பந்தல் கிடந்தது.

“தாலி ஏறாம நான் இந்த ஊட்டை உட்டுக் கெளம்ப மாட்டேன்” என்றாள் சரோஜா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

நான் அழ ஆரம்பித்தேன். அண்ணன் அவளோடு வாதாடவில்லை. “சரி, வண்டி உள்ள வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதுக்குள்ள பொண்ணையும் மாப்பிள்ளையையும் இங்க கூட்டிட்டு வாங்க. ஆனா ஒண்ணு அம்மிணி. வண்டி வந்துருச்சுன்னா, தாலி மொத முடிச்சுல இருந்தாலும் நான் உன்னையத் தூக்கிட்டுப் போயிருவேன்.”

சடங்கு நடத்துகிற அருமைக்காரர் தயங்கினார். “பந்தி மேசைக்கிட்டயாங்க தாலி?”

“இதே மாதிரி மேசை மேல மனுசனுக்கு உசுரே திரும்ப வந்ததைப் பாத்திருக்கறனுங்க. தாலி கட்டறதுக்கு என்ன?”

அப்புறம் என் பக்கம் திரும்பினார். “சண்முகம், உனக்குச் சத்தம் நல்லா வருது. கேட்டுக்குப் போயி, மூங்கிலைத் தூக்கச் சொல்லிக் கத்து.”

என் வாழ்க்கையில் எனக்குச் சரியான வேலையைக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். ஓடினேன். கத்தினேன். என் ஆட்களும் விருந்துக்கு வந்தவர்களும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தார்கள். நான் கட்டிய முடிச்சுகளை நானே அறுத்தேன்; அவ்வளவு கெட்டியாகக் கட்டியவனை நானே திட்டினேன். கடைசி மூங்கில் தோளில் இருக்கும்போது கிடங்குக்குள்ளிருந்து கெட்டிமேளம் கேட்டது. என் ஒரே மகள் கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. கையில் அட்சதை இல்லை. இருந்த கயிற்றுத் துண்டுகளைத் தூவினேன்.

வழி கிடைத்ததும் உள்ளே வந்த ஜீப்பில் பின்னால் சரோஜா படுத்திருந்தாள். அண்ணன் கையை எடுக்காமல் அவள் பக்கத்தில் குந்தியிருந்தார். அவள் கண்ணை மூடக்கூடாது என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

“பந்திக்கு என்னென்ன சொல்லியிருக்கறே அம்மிணி?”

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கேசரி, வடை, பொரியல், கூட்டு, பருப்பு, சாம்பார், ரசம் என்று வந்தது. அத்தோடு நின்றுவிட்டது.

“ரசத்துக்கு அப்பறம் என்ன கண்ணு?”

ஜீப் சத்தம் மட்டும் கேட்டது. முன் சீட்டில் நான் திரும்பிப் பார்க்கப் பயந்து, கண்ணாடியில் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் முகமும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக மாறியது.

“அம்மிணி, ரசத்துக்கு அப்பறம்?”

“மோரு” என்றாள் மெதுவாக. எனக்கு மோர் அவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து, “சேட்டா, இனி கை எடுக்காம்”, அண்ணா இனி எடுக்கலாம் என்று மலையாளத்தில் சொன்ன பிறகுதான் கையை எடுத்தார். விரல்கள் நீளவே இல்லை. வெந்நீரில் வைத்து நீட்ட வேண்டியிருந்தது. டாக்டர் தையல் போட்டார், ரத்தம் ஏற்றினார், இனி அவளாகக் கண் விழிக்க வேண்டியதுதான் என்றார். மகளும் மருமகனும் மாலையோடு வராந்தாவில் நின்றார்கள். பகல் போய்க்கொண்டிருந்தது. சரோஜா கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்து, கடைசியில் என்னைக் கண்டுபிடித்தாள்.

“ஏனுங்க, கிழக்கால வாசல் வெக்க வேண்டாம்னு அண்ணன் படிச்சுப் படிச்சுச் சொன்னாரல்ல? உங்களுக்குக் காது எதுக்கு இருக்குது, பீடி சொருகவா?”

அண்ணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “சரி, திட்டறா. இனிப் பயமில்ல.” அப்படியே தூங்கிவிட்டார்.

இந்தக் கார்த்திகையில், அண்ணன் வீட்டுக்கு முன்னால் பந்தல் போட என் ஆட்கள் நான் சொல்லாமலே குளித்துவிட்டு வந்தார்கள். கிழக்கே படுதாவை இழுத்துக் கட்டி அடைத்தோம். வடக்கே வாசல் வைத்தோம். காற்று வந்து வந்து தட்டிப் பார்த்தது, ஒரு மூங்கில் அசையவில்லை. வாசல் விஷயத்தில் முதல் தடவையாக அவர் சொன்னதைக் கேட்டேன், பார்க்க அவர் இல்லை.

உள்ளே ஒரே அழுகை. எனக்கு அழுகையிலும் சத்தம்தான்; நான் போய்ச் சேர்ந்ததும் மற்றவர்கள் சத்தம் கேட்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். பெங்களூரிலிருந்து மகன் வந்துகொண்டிருந்தான். அண்ணனின் போன் அடித்தது. பஞ்சாப்காரர். எப்படியோ, அவர் வருடா வருடம் கூப்பிடுகிற நாளும் அதுவாகவே இருந்திருக்கிறது. காதர் பாய் எடுத்து, தனக்குத் தெரிந்த இந்தியை எல்லாம் கூட்டி, “பஹலே பைட்டியே” என்றார். முதலில் உட்காருங்கள். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை.

அந்தச் சத்தமில்லாததுதான் எனக்கு உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தேன், அவர் பார்க்கிற மாதிரி. அழுகிறவர்கள் எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். அண்ணன் மனைவி ருக்குமணி அக்கா சுவர் ஓரம் நிமிர்ந்து உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பாவம், கல் மாதிரி இருக்கிறார் என்று எல்லோரும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். நெற்றி வியர்த்திருந்தது. மடியில் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “அக்கா, என்ன பண்ணுது?”

“காலைல இருந்து இத்தனை பேரு வந்தாங்க தம்பி, ஒருத்தரும் இதைக் கேக்கல.”

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

“பசிக்குதுன்னு சொல்லியிருப்பேன். சுகர் மாத்திரை போட்டது, அப்பறம் ஒண்ணும் சாப்புடுல. எழவு ஊட்டுல எப்படிக் கேக்கறது?”

நானும் சரோஜாவும் காதர் பாய் கடைக்கு ஓடினோம். சர்க்கரை போட்ட டீயும் பன்னும். அக்கா டீயில் பன்னைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். கை நடுக்கம் நின்றது. முகத்தில் ரத்தம் வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் படுத்திருந்த பக்கம் பார்த்தார்.

“குளிச்சாரு. தொவச்ச வேட்டியைக் கேட்டு வாங்கிக் கட்டுனாரு. சேர்ல உக்காந்தாரு. எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாப்பத்தஞ்சு வருசமா ஊருக்கெல்லாம் உக்கார வெச்சுச் சொன்ன மனுசன், எனக்கு மட்டும் சொல்லாமப் போலாமா? நல்லா இருக்குதா இது?” குரல் ஏறிக்கொண்டே போய் உடைந்தது. அப்புறம் வந்த அழுகை எங்கள் எல்லோருடைய அழுகையையும் அடக்கிவிட்டது.

சரோஜா என் காதில், “திட்டறாங்க” என்றாள்.

“இனிப் பயமில்ல” என்றேன்.

இதை எழுதி முடித்து சரோஜாவிடம் படித்துக் காட்டினேன். ஊறுகாயை எல்லாம் எதற்கு எழுத வேண்டும், வீடியோ விஷயத்தை ஊருக்கே சொல்ல வேண்டுமா, கேசரி இல்லை அது அசோகா அல்வா, இதைக்கூட நினைவில் வைத்துக்கொள்ளாதவர் என்ன அப்பா என்று ஆரம்பித்தாள். சமையலறைக்குப் போன பிறகும் நிற்கவில்லை. எழுதி வைத்த தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். கப்பல் அண்ணன் எனக்கென்று விட்டுப் போனது இந்தத் திட்டுதான். இடது கையைக் கொஞ்சம் மெதுவாகத்தான் தூக்குவாள். வாய்க்கு ஒரு குறையும் இல்லை.